கடலில் கொட்டிய அட்டை, இன்று 1 கோடி டாலருக்கு மேல்!

வணக்கம் மக்களே! திரையில் தெரிகிறதே, பேஸ்பால் வீரர் மிக்கி மேண்டில் படம் போட்ட அட்டை, இது 2022இல் ஏலம் போன விலை 1 கோடியே 26 லட்சம் டாலர். இதே அட்டையைப் பெட்டி பெட்டியாக அட்லாண்டிக் கடலில் கொட்டியிருக்கிறார்கள். கொட்டியது யார்? அச்சடித்த டாப்ஸ் கம்பெனியேதான்!

அமெரிக்காவில் முதலில் சிகரெட் பாக்கெட்டோடும், அப்புறம் பபிள்கம்மோடும் வந்த, வீரர்கள் படம் போட்ட அட்டைகள் இவை. பின்னணி இவ்வளவு போதும்.

1952இல் டாப்ஸ் போட்டது 407 அட்டைகள். 311ஆம் எண்ணில் தொடங்கும் கடைசிப் பகுதி கடைக்கு வருவதற்குள் பேஸ்பால் சீசனே முடியப்போகிறது, பையன்கள் அமெரிக்கன் ஃபுட்பால் பக்கம் ஓடிவிட்டார்கள். அந்த 311தான் நம்ம மேண்டில்! விற்காத பெட்டிகள் குடோனில் வருஷக்கணக்கில் தூங்கின. அட்டையை வடிவமைத்த சை பெர்கர், திருவிழா நடத்துபவர்களிடம் ஒரு சென்ட்டுக்குப் பத்து என்றுகூடக் கேட்டுப் பார்த்தார். ம்ஹூம். 1960இல் மூன்று குப்பை லாரி நிறைய அட்டைகளைப் படகில் ஏற்றி, கடலுக்குள் கொண்டுபோய்க் கொட்டினார். கூடவே போனதாக அவரே பிற்பாடு சொன்னார். குடோனில் இடம் வேண்டுமாம்! எனக்கு வயிறு எரிகிறது. உங்கள் வீட்டில் பழைய பேப்பர்காரரிடம் போனது என்ன? கமெண்டில் வந்து அழுங்கள்.

சரி, விலை ஏற அரிதாக இருந்தால் போதுமா? போதாது. 1909 முதல் 1911 வரை வந்த டி206 என்ற சிகரெட் அட்டைத் தொகுப்பில், ஹோனஸ் வாக்னர் என்ற வீரரின் அட்டை மிஞ்சியது சுமார் 60. 2022இல் ஒன்று 72.5 லட்சம் டாலருக்குப் போனது. அதே தொகுப்பில் ஜோ டாயில் என்றொரு பிட்சர், அதாவது பந்து எறிபவர். பேஸ்பாலின் இரண்டு பெரிய லீக்குகளில் அவர் ஆடியது அமெரிக்கன் லீக், அச்சில் விழுந்ததோ நேஷனல் லீக். அந்தப் பிழை அட்டை வாக்னரைவிட அரிது, ஆனால் விலையில் பக்கத்தில்கூட வராது. வாக்னர், பேஸ்பால் ஜாம்பவான்களுக்கான ஹால் ஆஃப் ஃபேம் கௌரவத்துக்குத் தேர்வான முதல் ஐவரில் ஒருவர். டாயிலை யாருக்குத் தெரியும்?

மேண்டில் கதை இன்னும் வேடிக்கை. அது ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. ஆனால் பையன்கள் அட்டையைச் சைக்கிள் கம்பியில் செருகி டர்ர்ர் என்று சத்தம் கேட்ட காலம் அது. நான்கு மூலையும் மழுங்காத அட்டை கிடைப்பதுதான் குதிரைக் கொம்பு.

பழைய அட்டைகளின் விலை ஏறுவதைப் பார்த்ததும் 80களின் கடைசியில் கம்பெனிகள் கோடிக்கணக்கில் அச்சடித்தன, ஜனங்களும் பத்திரமாகப் பூட்டி வைத்தார்கள். அந்தப் பெட்டிகள் விலை போகாமல், இன்னும் பிரிக்காமலே பரணில் கிடக்கின்றன. சை பெர்கரின் படகு இப்போது இருந்தால் தேவலை!