பல்லிடுக்கில் ஒரு முறுக்கு

நடுவர் அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, சபைக்கு வந்த பெரியோர்களே, எல்லோருக்கும் சேர்த்து ஒரே வணக்கம். தனித்தனியாகச் சொன்னால் என் எட்டு நிமிடமும் கும்பிடுவதிலேயே கரைந்துவிடும்.

இயக்குநர் ஸ்ரீதரின் காதல் படங்களில் மனத்தில் நிற்பது கண்ணீரா, சிரிப்பா என்பது தலைப்பு. நான் சிரிப்பு அணி. முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை என்று வீட்டிலேயே சொல்லி அனுப்பினார்கள்.

எனக்கு முன் பேசிய பேராசிரியர் அம்மா, 1959இல் வந்த 'கல்யாண பரிசு', 1962இல் வந்த 'நெஞ்சில் ஓர் ஆலயம்' என்று வரிசையாகச் சொல்லி முன்வரிசையையே அழவைத்தார்கள். போகிற போக்கில் எங்கள் மீது ஒரு போடு: "சிரிப்பு இடைவேளை முறுக்கு, மென்றால் தீர்ந்தது. கண்ணீர்தான் வீடு வரை வரும்." பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். அப்புறம்தான் நான் எந்த அணி என்பது நினைவுக்கு வந்தது.

அம்மா, நீங்கள் முறுக்கே தின்றதில்லையா? முறுக்கு தீருமா? கடைவாய்ப் பல்லில் ஒரு துணுக்கு போய் உட்கார்ந்துகொள்ளும். படம் முடிந்து வீட்டுக்கு வந்து படுத்தாலும் நாக்கு அங்கேயேதான் போய் நிற்கும். கண்ணீர், சைக்கிளை எடுத்து ஒரு மிதி மிதிப்பதற்குள் காற்றில் காய்ந்துவிடும்!

ஸ்ரீதர் இயக்கிய முதல் படமே 'கல்யாண பரிசு'தான். அதில் தங்கவேலு வேலை பார்ப்பதாகப் புளுகிய 'மன்னார் அண்ட் கம்பெனி' இன்றைக்கும் ஊர் ஊராக நடக்கிறது. படத்தின் நாயகன் பாஸ்கரின் காதல் தோற்றது. மன்னாரின் கம்பெனி தோற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குள்ளேயே ஏறக்குறைய முழுவதும் நடக்கும் 'நெஞ்சில் ஓர் ஆலய'த்திலும் நாகேஷை உள்ளே விட்டவர் ஸ்ரீதர்.

1964இல் 'காதலிக்க நேரமில்லை'. நாகேஷ் திகில் கதை சொல்ல, பாலையா மிரள்வாரே, அந்தக் காட்சி என் அப்பாவின் சொத்து. எங்கள் வீட்டில் இரண்டு நாற்காலிகள் உண்டு. ஒன்றில் உட்கார்ந்தால் நாகேஷ். தாவி மற்றதில் விழுந்தால் பாலையா. படத்தில் இல்லாத சத்தங்களையும் சேர்த்துக்கொள்வார்.

அக்காவைப் பெண் பார்க்க வந்தார்கள். இரண்டு குடும்பமும் பேச்சில்லாமல் உட்கார்ந்திருக்கிறது. பஜ்ஜி ஆறுகிறது. அப்பா கனைத்தார். அம்மா உள்ளிருந்து "வேண்டாம்" என்று கையை ஆட்டினாள். அப்பா தொடங்கிவிட்டார். கதவு திறக்கும் சத்தம்: "கிறீ...ச்!" மாப்பிள்ளையின் தாய்மாமன், அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், துண்டை வாயில் கவ்விக்கொண்டு சோபாவின் ஓரத்துக்கு ஒடுங்கினார். பாலையா கிடைத்துவிட்டார்! அப்புறம் அப்பா எதற்கு நாற்காலி தாவுகிறார்? அரை மணி நேரம் நாகேஷாகவே நின்றார். சம்பந்தம் அங்கேயே முடிந்தது. எத்தனை பவுன் என்று கேட்கவே மறந்துபோனார்கள். பிறகு நினைவு வந்து கேட்டார்கள். அது வேறு கதை.

நடுவர் மணியைத் தொடுகிறார். இதோ முடித்துவிடுகிறேன் ஐயா.

கடைசிக் காலத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம். பேச்சு நின்றுவிட்டது. இரண்டு மாதம் கூரையையே பார்த்துக்கொண்டு கிடந்தார். ஒரு மாலை, என்ன செய்வதென்று தெரியாமல், கட்டில் அருகே அந்த நாற்காலியை இழுத்துப் போட்டு நான் கதை சொன்னேன். எனக்கு நடிப்பு வராது. கதவை நான் திறந்த லட்சணம் பொறுக்காமல், அசைகிற ஒரு கையைத் தூக்கி 'நிறுத்து' என்றார். கோணிய வாயைத் திறந்தார். எங்கிருந்தோ, மெல்ல, "கிறீ...ச்" என்று வந்தது.

வாசற்படியில் அம்மா. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரிக்கிறாள், கண் இரண்டிலும் தாரை தாரையாகக் கொட்டுகிறது.

பேராசிரியர் அம்மா, அந்தக் கண்ணீரை வேண்டுமானால் உங்கள் அணியில் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்தத்தை மட்டும் நான் தரமாட்டேன்.