தேர் ஓடட்டும், எல்லாரும் வீடு திரும்பட்டும்

[காட்சி: திருவாரூர் கீழவீதி. வடத்தைப் பற்றிய கைகள். "ஆரூரா, தியாகேசா" முழக்கம்.]

வணக்கம். நீங்கள் பார்ப்பது திருவாரூர் ஆழித்தேர். அலங்காரம் முடிந்து நிற்கும்போது 96 அடி உயரம், எடை ஏறத்தாழ 300 டன். ஆயிரக்கணக்கான பேர் வடம் பிடித்தால் இது நகரும். சரி, நகர்ந்த தேரை நிறுத்துவது எது? சக்கரத்துக்கு அடியில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முட்டுக்கட்டை போடுகிறார்களே, அவர்கள். அவர்களோடு, திருச்சி பெல் நிறுவனம் செய்துகொடுத்த இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும். தேர் வரும் நேரத்தில் வீதியில் மின்சாரத்தையும் நிறுத்திவிடுவார்கள்.

இந்தத் தேர் பல வருடங்கள் ஓடாமலே நின்றது. 1970-இல் அது மறுபடி ஓடியபோது முதலமைச்சராக இருந்தவர் மு. கருணாநிதி. பக்கத்துத் திருக்குவளையில் பிறந்தவர். தனக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை என்று மேடையில் சொன்னவர். ஆனாலும் தேர் ஓடியது.

இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது இன்னொரு தேர்.

[காட்சி: கறுப்புத் திரை. எழுத்து மட்டும்: களிமேடு, 27 ஏப்ரல் 2022.]

தஞ்சாவூரை ஒட்டிய களிமேடு கிராமம், அப்பர் சதய விழா. விடிவதற்கு முன், ஊருக்குள் வந்த தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டது. 11 பேர் இறந்தார்கள். அவர்களில் சிறுவர்களும் உண்டு.

இப்படி ஒன்று நடந்தால் நம் பக்கத்தில் முதலில் வரும் சொல் "விதி". என் பாட்டி எதற்கும் அதைத்தான் சொல்வார். துக்க வீட்டில் உட்கார்ந்திருப்பவர்கள் அப்படிச் சொல்வதில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குப் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று வேண்டியிருக்கிறது.

ஆனால் தமிழில் அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் இருக்கிறது. சாலை விதி, கட்டட விதி, தேர்தல் விதி. மனிதர்கள் கூடி உட்கார்ந்து எழுதியது, மாற்றக்கூடியது. தலையில் எழுதியதும் விதி, தாளில் எழுதியதும் விதி! களிமேட்டில் கேட்க வேண்டியது இரண்டாவது விதியைப் பற்றி. சாலை மட்டத்திலிருந்து கம்பி எவ்வளவு உயரம்? தேர் எவ்வளவு உயரம்? மின்சாரத்தை நிறுத்தும்படி யார் யாரிடம் சொல்ல வேண்டும்? பெரிய கோயில் தேருக்குக் கிடைக்கிற பாதுகாப்பு, கிராமத்துச் சின்னத் தேருக்கு ஏன் தானாகவே கிடைப்பதில்லை?

இந்தக் கேள்விகளைக் கேட்கிற பார்வைக்குத்தான் மனிதநேயம் என்று பெயர்.

[காட்சி: 'மனிதநேயம்' என்ற சொல் திரையில்.]

நாம் இந்தச் சொல்லைக் கொஞ்சம் சுருக்கித்தான் வைத்திருக்கிறோம். ரத்ததானம் செய்தால், கோடையில் மோர்ப் பந்தல் வைத்தால் மனிதநேயம் என்கிறோம். அது உண்மைதான், நல்லதும்தான். ஆனால் உலக அளவில் இந்தச் சொல்லுக்கு ஒரு சிந்தனை மரபின் பொருளும் உண்டு. 1952-இல் ஆம்ஸ்டர்டாமில் பல நாட்டு மனிதநேயச் சிந்தனையாளர்கள் கூடி ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள். 2002-இலும் 2022-இலும் அதைத் திருத்தி எழுதினார்கள். தங்கள் பிரகடனத்தையே தாங்கள் திருத்திக்கொள்கிறார்கள் என்பதுதான் எனக்கு அதில் மிகவும் பிடித்தது. அவர்கள் சொல்வதன் சாரம்: மனிதர் படும் துன்பத்துக்கு மனிதர்தான் பொறுப்பெடுக்க வேண்டும். காரணத்தைச் சான்று கொண்டு தேட வேண்டும். எந்த மனிதரும் பிறப்பால் இன்னொருவருக்குக் கீழே இல்லை.

நம் அரசியலமைப்பிலும் இது இருக்கிறது. பிரிவு 51அ, உட்பிரிவு (எச்): அறிவியல் மனப்பான்மை, மனிதநேயம், ஆராய்ந்து பார்க்கும் உணர்வு, சீர்திருத்த உணர்வு ஆகியவற்றை வளர்ப்பது ஒவ்வொரு குடிமகனின் கடமை. 1976-இல் 42-ஆவது திருத்தமாக வந்தது. அது நெருக்கடி நிலைக் காலம். மக்களின் உரிமைகள் முடக்கப்பட்டிருந்தபோது கடமைகள் எழுதப்பட்டன என்பதையும் மறக்காமல் சொல்ல வேண்டும். ஆனாலும் அந்த வரி நல்ல வரி. அதை நாம் எடுத்துக்கொள்ளலாம்.

[காட்சி: குறுவை நடவு. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்கள்.]

அறிவியலில் இருந்து தொடங்குவோம். டெல்டாவில் அறிவியல் என்றால் முதலில் நெல்தான். கும்பகோணத்தில் 1925-இல் பிறந்தவர் எம்.எஸ். சுவாமிநாதன். 1943-இன் வங்கப் பஞ்சம்தான் அவரை வேளாண்மைப் படிப்பின் பக்கம் திருப்பியது. தஞ்சை மாவட்டம் இளங்காட்டில் 1938-இல் பிறந்தவர் நம்மாழ்வார். அவரும் வேளாண்மை படித்தவர், அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை பார்த்து, அந்த முறையோடு ஒத்துப்போகாமல் வெளியே வந்தவர். ஒருவர் பசுமைப் புரட்சியின் தந்தை, இன்னொருவர் அதைக் கடுமையாக எதிர்த்தவர். நம் ஊரில் இந்த இருவரையும் இரண்டு கட்சி மாதிரி ஆக்கிவிட்டோம்.

மனிதநேயப் பார்வை கட்சி சேராது, இருவரிடமும் சான்று கேட்கும். பஞ்சத்தில் மக்கள் செத்ததும் உண்மை, மண் கெட்டதும் உண்மை. இன்னொன்று தெரியுமா? அளவில்லாமல் மண்ணைச் சுரண்டினால், பூச்சிமருந்தைக் கண்டபடி அடித்தால் ஆபத்து வரும் என்று 1968 ஜனவரியிலேயே அறிவியல் மாநாட்டில் எச்சரித்தவர் சுவாமிநாதன்தான். தன் வெற்றியின் உச்சத்தில் நின்றுகொண்டு அதன் ஆபத்தையும் ஒருவர் சொல்கிறார். அறிவியல் மனப்பான்மை என்றால் என்ன என்று கேட்கும் மாணவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

அதே 1968-இன் கடைசியில் வேறொன்று நடந்தது.

[காட்சி: கீழ்வெண்மணி நினைவிடம். இசை வேண்டாம்.]

1960-களின் தொடக்கத்தில், தீவிர வேளாண்மைத் திட்டத்துக்கு நாட்டிலேயே முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களில் தஞ்சாவூரும் ஒன்று. புதிய விதை வந்தது, உரம் வந்தது, விளைச்சல் கூடியது. அறுவடை செய்தவர்கள் கூலியைக் கூட்டிக் கேட்டார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில், உயிர் தப்ப ஒரு குடிசைக்குள் ஓடி ஒளிந்த தலித் கூலித் தொழிலாளர் குடும்பங்கள் உள்ளேயே எரிக்கப்பட்டன. 44 பேர். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். குற்றம் சாட்டப்பட்ட நிலவுடைமையாளர்களை உயர் நீதிமன்றம் பின்னர் விடுவித்தது.

விதை நெல்லில் தவறில்லை. நெல் கூடினால் பங்கும் கூட வேண்டும் என்பதை எந்த ஆராய்ச்சி நிலையமும் தர முடியாது, அது அரசியல் செய்ய வேண்டிய வேலை. அறிவியலையும் அரசியலையும் தனித்தனிப் பெட்டியில் வைத்துப் பார்க்கிறவர்கள் ஒரு முறையாவது வெண்மணிக்குப் போய் வர வேண்டும்.

அந்தக் கொடுமைக்குப் பிறகு டெல்டாவுக்கு வந்து தங்கியவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன். காந்தியவாதி, ஆழ்ந்த இறை நம்பிக்கை உள்ளவர். கணவர் ஜெகந்நாதனோடு சேர்ந்து லாப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலமில்லாத ஆயிரக்கணக்கான தலித் குடும்பங்களுக்கு நிலம் வாங்கிக் கொடுத்தார், பெண்களின் பெயரில். பாருங்கள், பிரார்த்தனை செய்கிற ஒருவர் "இது இவர்கள் தலைவிதி" என்று ஒரு நாளும் சொல்லவில்லை. அதே போல, கொள்ளிடத்துக்கு வடக்கே வடலூரில் 1867-இல் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் எரிகிறது. பசிக்குச் சாதி கேட்காத அடுப்பு அது. அதனால் மனிதநேயம் நாத்திகர்களுக்கு மட்டும் சொந்தம் என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சாமி கும்பிடுகிறவரைக் கேலி செய்வதைப் பகுத்தறிவு என்று நினைத்துக்கொள்கிற பழக்கம் நம்மில் சிலரிடம் உண்டு. அதனால் யாருக்கும் எதுவும் மாறப்போவதில்லை.

அதற்காக, மரபு என்று சொல்லிவிட்டால் கேள்வி கேட்கக் கூடாது என்பதும் இல்லை.

[காட்சி: மயிலாடுதுறை அருகே மூவலூர். மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரின் பழைய படம்.]

1883-இல் பிறந்தவர். வறுமையால் சிறுவயதிலேயே தேவதாசிக் குடும்பம் ஒன்றிடம் கொடுக்கப்பட்டவர். பொட்டுக் கட்டுவது, அதாவது சிறுமிகளைத் தேவதாசியாகக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவது, கலை, அது பண்பாடு, அது கோயில் மரபு என்று படித்தவர்களே வாதாடிய காலம். அந்த வாழ்க்கையை உள்ளிருந்து பார்த்த இவர் அதிலிருந்து வெளியேறினார், தன் இசை ஆசிரியரைத் திருமணம் செய்துகொண்டார். பிறகு ஊர் ஊராகப் போய் மற்றப் பெண்களையும் வெளியே வரச் சொன்னார். சட்டசபையில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டி, தெருவில் ராமாமிர்தம் அம்மையார். 1947-இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. தலையில் எழுதியதாகச் சொன்ன விதியைத் தாளில் எழுதிய விதி மாற்றியது. அவர் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம் 2022-இல் அரசுப் பள்ளி மாணவிகளின் உயர்கல்விக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாறியது. திருமணத்திலிருந்து படிப்புக்கு! அவருக்கு இது பிடித்திருக்கும் என்று நினைக்கிறேன்.

[காட்சி: தலைஞாயிறு பக்கம், கடைமடை வாய்க்கால்.]

காவிரியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 2018-இல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு வருடத்துக்கு 177.25 டிஎம்சி தண்ணீர் விட வேண்டும் என்று தீர்ப்பளித்தது (ஒரு டிஎம்சி என்றால் நூறு கோடி கன அடி). நமக்குக் குறைந்தது 14.75. அதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்கு. டெல்டாக்காரனாக இருந்துகொண்டு சொல்கிறேன், அந்த 4.75-இல் எனக்கு வருத்தமில்லை. குடிக்கிற தண்ணீர் முதலில். ஆனால் இங்கே நிலத்தடி நீர் இருக்கிறது என்று 10 டிஎம்சியைக் கணக்கில் எடுத்தார்களே, அங்கேதான் எனக்குக் கேள்வி. கடலோரக் கடைமடையில் போர் போட்டால் உப்புத் தண்ணீர்தான் வருகிறது. மொத்தக் கணக்கில் இருக்கிற தண்ணீர் கடைசி வயல்காரரின் கிணற்றில் இல்லை.

[காட்சி: நாகப்பட்டினம் கடற்கரை, காலை.]

2004 டிசம்பர் 26. சுமத்ராவில் நிலம் அதிர்ந்தபோது நமக்குக் காலை ஆறரை மணி. சுனாமி அலை நாகைக்கு வந்தபோது ஒன்பதை நெருங்கியிருந்தது. இடையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது, ஆனால் சொல்ல ஆளில்லை. இந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் போனார்கள். 2007-இல் ஐதராபாத்தில் எச்சரிக்கை மையம் வந்தது. 2018-இல் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையேறியபோது, பல்லாயிரம் பேரை முன்கூட்டியே முகாம்களுக்கு மாற்றியிருந்தார்கள். தென்னந்தோப்புகள் போயின, கண்ணீர் வருகிற நஷ்டம். ஆனால் சுனாமியைப் போல ஊர் ஊராக மனிதர்கள் போகவில்லை.

அதே 2004-இல் ஜூலை 16, கும்பகோணம். பள்ளியின் சமையல் கொட்டகையில் பிடித்த தீ மாடி வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குப் பரவியது. 94 குழந்தைகள். விசாரணை ஆணையம் அமைத்தார்கள், பள்ளிகளில் கீற்றுக் கூரைகளை எடுக்க உத்தரவு வந்தது. மூங்கிலும் கீற்றும் தீப்பிடிக்கும் என்பது அதற்கு முன்பே எல்லாருக்கும் தெரியும். தெரிந்த ஒன்று விதியாக எழுதப்படுவதற்கு 94 பிள்ளைகள் போக வேண்டியிருந்தது. இதை என்னால் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கடக்க முடியவில்லை.

[காட்சி: மகாமகக் குளம், மேலிருந்து. வெறும் படிகள்.]

இது கும்பகோணம் மகாமகக் குளம். வியாழன் சூரியனைச் சுற்றிவர 12 வருடங்களுக்குக் கொஞ்சம் குறைவாக எடுத்துக்கொள்கிறது, அந்தக் கணக்கில்தான் இந்த விழா வருகிறது. 1992-இல் நெரிசலில் ஏறத்தாழ 50 பேர் இறந்தார்கள். 2016 முடிந்தது. அடுத்தது 2028. லட்சக்கணக்கான பேர் வருவார்கள், வரட்டும். ஒரு நேரத்தில் எத்தனை பேர் குளத்துக்குள் இறங்கலாம், எந்தப் படியில் இறங்கி எந்தப் படியில் ஏறுவது, முக்கியப் பிரமுகர் வந்தால் கூட்டத்தை எங்கே நிறுத்துவது, வயதானவர் மயங்கி விழுந்தால் ஸ்ட்ரெச்சர் எந்த வழியாக வரும்? மாநகராட்சிக் கூட்டத்திலும் கோயில் நிர்வாகத்திடமும் இதை இப்போதே கேட்கலாம். கும்பகோணத்தில் இருப்பவர்கள், நீங்கள் கேட்டு என்ன பதில் வந்தது என்று எழுதி அனுப்புங்கள். வந்த பதில்களோடு அடுத்த வீடியோவை இந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து எடுக்கிறோம்.