நடுவில் ஒரு 'ர்' வேண்டாம்

அனைவருக்கும் வணக்கம். சென்ற காணொளியில் தத்தார் இன மக்களை நான் 'தார்த்தார்' என்று ஏழெட்டு முறை சொன்னது நினைவிருக்கும். இன்று ரஷ்யாவில் தத்தார்ஸ்தானின் தலைநகரான கசானில், நான் வழக்கமாக எச்போச்மாக் என்ற பண்டம் வாங்கும் கடையிலும் அதையே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். கடைக்கார அம்மா, மேசையில் சிதறிக் கிடந்த மாவில் தம் இனத்தின் பெயரை ரஷ்யர் எழுதும் சிரிலிக் எழுத்தில் விரலால் எழுதி, ஐந்தே எழுத்து என்று எண்ணிக் காட்டினார். தத்தார். நடுவில் 'ர்' கிடையாது.

அந்த 'ர்' ஐரோப்பியர் செருகியது. 13ஆம் நூற்றாண்டில் மங்கோலியப் படை வாசலுக்கு வந்தபோது, அந்தப் பெயர் கிரேக்கப் புராணத்துப் பாதாளமான 'தார்த்தரஸ்' போலக் காதில் விழவே, நரகத்திலிருந்து கிளம்பியவர்கள் என்று எழுதிவைத்துவிட்டார்கள். இத்தனைக்கும் 1202இல் செங்கிஸ் கான் ஒழித்துக்கட்டிய பகைக்குலத்தின் பெயர்தான் அது. தோற்றவன் பெயரை வென்றவன் தலையில் கட்டியதை நினைத்தால் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. சொல்ல மறந்துவிட்டேன், பெயர் அதைவிடவும் பழையது. 732இல் மங்கோலியாவில் நட்ட, பழந்துருக்கிய இளவரசர் கியூல் தெகினின் நினைவுக் கல்வெட்டிலேயே 'ஒதுஸ் தத்தார்', அதாவது 'முப்பது தத்தார்' என்று வருகிறது.

பின்னாளில் ஜார் ஆட்சி அஜர்பைஜானியரையும் தத்தார் என்றது. உஸ்மானியப் பேரரசில் குதிரையேறிச் செல்லும் அஞ்சல் தூதருக்கும் அதே பெயர். வோல்கா ஆற்றங்கரை மக்களில் பலர் தங்களை முஸ்லிம் என்றோ, அங்கு முன்பு வாழ்ந்த இனத்தின் பெயரால் பல்கார் என்றோ சொல்லிக்கொண்டிருக்க, தத்தார் என்ற பெயரையே ஏற்கலாம் என்று வாதாடியவர் இஸ்லாமிய அறிஞரும் வரலாற்றாசிரியருமான மர்ஜானி (1818–1889). இரண்டு காணொளிகளுக்கு முன் காட்டிய பள்ளிவாசல் அவர் பெயரில் உள்ளதுதான்.

தத்தார் மொழியைப் பற்றிச் சொன்னால் நமக்குக் கொண்டாட்டம். 'கிதாப்' என்றால் புத்தகம், 'கிதாப்லார்' புத்தகங்கள், 'கிதாப்லாரிபிஸ்தா' நம் புத்தகங்களில். நம்மைப் போலவே ஒட்டு மேல் ஒட்டு, வினைச்சொல் கடைசியில். எழுத்துதான் பாவம்: அரபு போய் 1920களின் இறுதியில் இலத்தீன் வந்தது, அதுவும் போய் 1939இல் சிரிலிக் வந்தது.

இன்றைய வெற்றிக்கு வருகிறேன். 'எச்போச்மாக்' என்பது ரஷ்யர் வாயில் புழங்கும் வடிவம். தத்தாரில் முதல் எழுத்தை, 'எ' சொல்லும் நாக்கோடு 'ஒ' சொல்வதுபோல் உதட்டைக் குவித்து ஒலிக்க வேண்டும். 'மூன்று மூலை' என்று பொருள், பண்டமும் இறைச்சியும் உருளைக்கிழங்கும் வைத்த முக்கோணம்தான். நான்கு முறை உளறி, ஐந்தாம் முறை சரியாகச் சொன்னதும் அந்த அம்மா தலையசைத்தார். சென்ற மாதம் 90 ரூபிளாக இருந்ததற்கு 110 வாங்கிக்கொண்டார்.