ஈரத்தில் காயும் கறுப்பு

வணக்கம் நேயர்களே. கொரியாவின் சிப்பி பதித்த பெட்டிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். கன்னங்கரேலென்ற பரப்பில் பச்சையும் ஊதாவுமாகப் பூக்கள் மின்னும். நாஜோன்சில்கி என்று பெயர். எல்லோரும் அந்தச் சிப்பியில் சொக்கிப்போகிறார்கள். எனக்குப் பேச வேண்டியது அதைத் தாங்கும் கறுப்பைப் பற்றி.

அது பெயின்ட் இல்லை. நம் அரக்கும் இல்லை. அரக்கு பூச்சி தருவது, இது லாக்கர் மரம் என்ற ஒரு மரத்தின் பால். கொரியாவின் வோன்ஜு வட்டாரம் இதற்குப் பேர்போனது. பத்து வயது மரத்தைக் கோடை முழுக்கக் கீறிக் கீறி எடுத்தாலும் 200 கிராம் அளவுக்குத்தான் தேறும். மாங்காய்ப் பால் பட்டு உதடு புண்ணாகியிருக்கும், முந்திரிக்கொட்டை எண்ணெய் பட்டுக் கை வெந்திருக்கும் உங்களில் சிலருக்கு. அதே குடும்பத்து மரம்தான். பச்சையாகப் பட்டால் கொப்புளம். இறுகிவிட்டால் பௌத்தத் துறவிகள் சோறுண்ணும் கிண்ணத்துக்கே அதுதான் பூச்சு.

இறுகுவதில்தான் சூட்சுமம். துணி காய வெயில் வேண்டும்; இது ஈரத்தில்தான் காயும். ஆமாம், ஈரத்தில். பாலிலுள்ள நொதி காற்றிலிருந்து ஆக்சிஜனை எடுத்து அதை இறுக்குகிறது. ஈரமில்லாமல் அந்த நொதி வேலை செய்யாது. அதனால் பூசியதை மூடிய மர அலமாரிக்குள் வைத்து, 20 முதல் 25 டிகிரி வெப்பம், 70 முதல் 80 சதவீத ஈரப்பதம் என்று பார்த்துக்கொள்கிறார்கள். ஈரம் குறைந்தால் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். கூடினால் மேல்தோல் மட்டும் அவசரமாக இறுகிச் சுருங்கும். கனமாகப் பூசினாலும் அதே கதிதான். ஆகவே மெல்லியதாகப் பூசு, காயவிடு, தேய், மறுபடி பூசு.

மரத்தில் நேரே சிப்பியை ஒட்டுவதில்லை. மரம் உப்பும், சுருங்கும், பொருத்து பிளக்கும். முதலில் சணல் துணியை அந்தப் பாலும் பசையும் சேர்த்து ஒட்டி, மண்தூள் குழைத்த பாலால் நெசவின் கண்களை அடைக்கிறார்கள். பிறகுதான் சிப்பி. தெற்குக் கடலோரத்துத் தோங்யோங் ஊரில், அபலோன் என்ற கடல் நத்தையின் சிப்பியை மெல்லிய தகடாகத் தேய்த்து, நுண்ரம்பத்தால் பூவாக அறுக்கிறார்கள். அல்லது நூல்போல் கீற்றாக்கி, ஒட்டிய இடத்திலேயே கத்தியால் துண்டு துண்டாக வெட்டிக் கட்டம் அமைக்கிறார்கள். ஒட்டுவது விலங்குப் பசையால், சூட்டுக்கோலால் அழுத்தி. மிச்சப் பசையை வெந்நீரில் துடைத்தெடுக்க வேண்டும். ஒரு படலம் நின்றாலும் மேலே பூசுவது பிடிக்காமல் பிற்பாடு உரிந்துவிடும்.

இந்தப் பொறுமையின் உச்சம், கோர்யோ அரசமரபு கொரியாவை ஆண்ட காலம். 1272இல், சீனாவை ஆண்ட மங்கோலிய யுவான் அரசமரபின் பேரரசி கேட்டதை ஏற்று, பௌத்தச் சூத்திர நூல்கள் வைக்கும் பெட்டிகள் செய்வதற்கென்றே அரசில் தனி அலுவலகம் திறந்தார்கள்! 2019இல் ஜப்பானிலிருந்து நாடு திரும்பிய கோர்யோ காலச் சிறு பெட்டி ஒன்று, நீளம் 10 சென்டிமீட்டர் சொச்சம், எடை ஏறத்தாழ 50 கிராம். அந்தச் சிறு பரப்பின் மேல் சாமந்திப் பூக்கள், முறுக்கிய உலோகக் கம்பி, ஆமையோட்டுத் தகடு. அந்தத் தகட்டுக்கு வண்ணத்தைப் பின்புறமாகத் தீட்டியிருக்கிறார்கள், நிறம் உள்ளிருந்து தெரிய வேண்டுமென்று.

நேரம் முடிகிறது என்கிறார்கள். மெருகைச் சுருக்கமாகச் சொல்கிறேன்: சிப்பி மூழ்கும்வரை முழுப் பரப்பிலும் பூசி, காய்ந்ததும் சிப்பியின் மேலுள்ளதை மட்டும் சுரண்டி, தண்ணீர் விட்டுக் கரியால் தேய்த்து, கடைசியில் எண்ணெயும் நுண்தூளும் தொட்டு உள்ளங்கையால் தேய்ப்பார்கள். வணக்கம்.