குடற்குழிகளில் தங்கிவிடும் வெள்ளையணுக்கள்

அவையினர் அனைவருக்கும் வணக்கம்.

நுண்ணோக்கியின் முன் அமர்ந்து குடல் திசுத் துண்டுகளைப் பார்ப்பதே என் அன்றாட வேலை என்பதால், இன்றைய பேச்சையும் ஒரு கண்ணாடித் தகட்டிலிருந்தே தொடங்குகிறேன். சாயமேற்றிய பெருங்குடல் உட்சவ்வில், சோதனைக் குழாய்களை வரிசையாக நிறுத்தியதுபோல் குடற்குழிகள் தெரியும். அவற்றின் உட்பகுதியில் அணுக்கள் எதுவும் இருக்கலாகாது. பெருங்குடலில் நீடித்த அழற்சியையும் புண்களையும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கோலைட்டிஸ் தீவிரமாக உள்ள நோயாளியின் தகட்டிலோ, உட்கரு மூன்று நான்கு மடல்களாகப் பிரிந்த அணுக்கள் குழியின் சுவரைத் துளைத்து இறங்கி, உள்ளே குவிந்து கிடக்கும். அந்தக் குவியலைக் குழிச் சீழ்க்கட்டி என்கிறோம். அந்த அணுக்கள்தான் நியூட்ரோபில்கள்.

நம் இரத்தத்திலுள்ள வெள்ளையணுக்களில் பாதிக்கு மேற்பட்டவை இவையே. எலும்பு மஜ்ஜை நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 கோடி நியூட்ரோபில்களை உருவாக்குகிறது. கிருமி உட்புகுந்த இடத்துக்கு முதலில் வந்து சேரும் இவை கிருமிகளை விழுங்கும். தம் மரபுப்பொருளையே வலையாக வீசி அவற்றைச் சிக்கவைக்கும். இந்த வலை 2004-இல்தான் கண்டறியப்பட்டது. இவற்றிலுள்ள மைலோபெராக்சிடேஸ் என்னும் நொதி ஹைப்போகுளோரஸ் அமிலத்தை உண்டாக்குகிறது. கிணற்று நீரில் பிளீச்சிங் பவுடரைக் கலக்கும்போது கிருமிகளைக் கொல்வதும் அதே அமிலம்தான். சீழில் நாம் காணும் பச்சைச் சாயல் இந்த நொதியின் நிறமாகும்.

இவ்வளவு கொடிய வேதிப்பொருளை வைத்திருக்கும் அணுக்களை ஒழித்துவிட்டால் குடல் நலம் பெறாதா என்று சிலர் என்னிடம் கேட்டதுண்டு. பெறாது. நியூட்ரோபில்கள் இத்தகைய வேதிப்பொருள்களை உண்டாக்க முடியாத பிறவிக்குறை ஒன்று உண்டு. அக்குறையுள்ள குழந்தைகள் பலருக்குக் கிரோன் நோயை ஒத்த குடல் அழற்சியே வருகிறது. ஆகவே இவை குடலுக்கு வருவதைவிட, வந்த வேலை முடிந்தும் நீங்காமல் இருப்பதுதான் கேடு என்பது என் உறுதியான கருத்து.

அந்த அமிலத்துக்குக் கிருமி எது, குடலின் சொந்த அணு எது என்று தெரியாது. குடலின் உட்பூச்சு சில நாள்களுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. புதிய அணுக்களைப் பெற்றுத் தரும் மூல அணுக்கள் குழியின் அடியில் இருக்கின்றன. நியூட்ரோபில்கள் அங்கே ஆண்டுக்கணக்கில் வந்துபோகும்போது, பிளவுபட்டுக்கொண்டிருக்கும் அந்த அணுக்களின் மரபிழைகள் மீண்டும் மீண்டும் சேதமுறுகின்றன. நியூட்ரோபில்கள் உதிர்க்கும் நுண்துகள்களிலுள்ள, மரபணுக்களின் செயலைக் கட்டுப்படுத்தும் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்னும் சிறு மூலக்கூறுகளும் மரபிழை முறிவுக்குக் காரணமாகின்றன என்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. கோலைட்டிஸ் நோயாளிகளில் பெருங்குடல் புற்றுநோய்க்கு ஆளாவோர் 10 ஆண்டுகளில் 2 சதவீதம், 20 ஆண்டுகளில் 8, 30 ஆண்டுகளில் 18 என்று 2001-இல் கணக்கிடப்பட்டது. பின்னர் வந்த கணக்குகள் இதைவிடக் குறைவாகவே உள்ளன. எனினும் நோய் தொடங்கி 8 ஆண்டுகள் ஆனவர்கள் கொலனோஸ்கோபி, அதாவது கேமரா பொருத்திய குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை, வழியான கண்காணிப்புக்கு வர வேண்டும் என்ற நடைமுறை மாறவில்லை.

பெரும்பாலான பெருங்குடல் புற்றுநோய்கள் கோலைட்டிஸ் இல்லாதவர்களுக்கே வருகின்றன என்பதையும் சொல்லிவிட வேண்டும். அங்கும் கட்டிக்குள் நியூட்ரோபில்கள் திரள்கின்றன. எலிகளில், கட்டி வெளியிடும் வேதிச் சைகைகளுக்கு ஏற்ப அவை கட்டியைத் தாக்கவோ வளர்க்கவோ செய்கின்றன. அவற்றின் வலைகள் இரத்தத்தில் திரியும் புற்றணுக்களைக் கல்லீரலில் பிடித்து நிறுத்திக் குடியேற்றிவிடுவதும் எலிகளில் காணப்பட்டுள்ளது.

எங்கள் ஆய்வகத்துக்கு வரும் துண்டுகளில் என்னை மிகவும் வருத்துபவை, இரத்தப்போக்கு நின்றுவிட்டது என்று தாமாகவே மாத்திரையை நிறுத்திவிட்டவர்களுடையவை. நோயாளிக்கு வலியில்லை, கொலனோஸ்கோபியில் உட்சவ்வும் ஏறத்தாழச் சீராகத் தெரிகிறது; தகட்டிலோ குழிகளுக்குள் நியூட்ரோபில்கள் இருக்கின்றன. இவற்றின் உட்திரவப் புரதத்தில் பெரும்பங்கு வகிக்கும் கால்ப்ரொடெக்டினை மலத்தில் அளந்து பார்க்கலாம். ஊசியும் வேண்டாம், குழாயும் வேண்டாம். மாத்திரையைக் குறைக்கும் எண்ணம் வரும்போது, இந்த அளவைப் பார்த்துவிடலாமா என்று முதலில் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.