உப்பு, எத்தனால், டி.என்.ஏ இழை

நேயர்களுக்கு வணக்கம். ஸ்டிராபெரிப் பழத்தைப் பிசைந்து, பாத்திரம் கழுவும் திரவத்தையும் உப்பையும் சேர்த்து வடிகட்டி, அதன்மேல் குளிரூட்டிய எத்தனால் என்ற ஆல்கஹாலை மெல்ல ஊற்றும் சோதனையை நம் மாணவர்கள் பலர் பள்ளி ஆய்வுக்கூடத்தில் செய்திருப்பார்கள். இரு திரவங்களும் சந்திக்கும் எல்லையில், மரபுத் தகவலைச் சுமக்கும் டி.என்.ஏ வெண்ணிற இழைகளாகத் திரண்டு, கண்ணாடிக் கோலில் சுற்றிக்கொண்டு மேலே வரும். பெரும்பாலும் சோதனை அத்துடன் முடிந்துவிடுகிறது. உண்மையில் விளக்கம் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

டி.என்.ஏ-வின் இரு ஓரங்களிலும் வரிசையாக நிற்கும் பாஸ்பேட் தொகுதிகள் எதிர் மின்னூட்டம் கொண்டவை. ஆகவே இழைகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. உப்பிலுள்ள சோடியம் அயனிகள் அந்த விலக்கத்தைத் தணிக்கக்கூடியவை என்றாலும், நீர் இருக்கும்வரை அவை பாஸ்பேட்டுடன் இறுகச் சேர்வதில்லை. மின்விசையைத் தணிக்கும் திறனைக் காட்டும் மின்காப்பு மாறிலி, அறை வெப்பநிலையில் நீருக்கு ஏறத்தாழ 80. எத்தனாலுக்கு 25 அளவுதான். எனவே எத்தனால் கூடக்கூட அயனிகள் பாஸ்பேட்டை நெருங்கிப் பற்றுகின்றன, விலக்கம் அடங்குகிறது, இழைகள் திரள்கின்றன.

எத்தனால் இழைகளைத் திரட்டுவதோடு நிற்பதில்லை, மூலக்கூறின் வடிவத்தையும் மாற்றுகிறது. லண்டன் கிங்ஸ் கல்லூரியில் 1950களின் தொடக்கத்தில் ரோசலிண்ட் பிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங்கும் சோடியம் டி.என்.ஏ (பாஸ்பேட்டுகளுக்குத் துணையாக சோடியம் அயனிகளைக் கொண்ட டி.என்.ஏ) இழையைச் சுற்றியிருந்த காற்றின் ஈரப்பதத்தைக் கட்டுப்படுத்தி எக்ஸ்-கதிர்ப் படங்கள் எடுத்தனர். டி.என்.ஏ சுருளின் இருவேறு வடிவங்கள் வெளிப்பட்டன: சுமார் 75 விழுக்காட்டில் ஏ வடிவமும், 92 விழுக்காட்டில் பி வடிவமும் தெரிந்தன. பி வடிவில் அடுத்தடுத்த கார இணைகளுக்கிடையே (இரு ஓரங்களையும் இணைக்கும் ஏணிப்படி போன்ற பகுதிகள்) சுருளின் அச்சு வழியே 0.34 நானோமீட்டர் இடைவெளி உண்டு. ஏ வடிவில் அது 0.26-ஆகக் குறைகிறது. நீர் குறைந்தால் இழையே குட்டையாகிவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கும் செய்தி. காற்றை உலர்த்தாமல், இழையை அடர்ந்த எத்தனால் கரைசலில் அமிழ்த்தினாலும் இதே சுருக்கத்தைக் காணலாம்.

எந்த உப்பு என்பதும் முக்கியம். சுவீடனில் ரூப்ரெக்ட், நார்டென்ஷோல்ட் முதலானோர் ஈரநிலையில் நூற்ற இழைகளை எத்தனால் கரைசலில் இட்டு, அவற்றின் நீளத்தை அளந்தனர். நார்டென்ஷோல்ட் பின்னர் நம் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்கு வந்து பணியாற்றினார். சோடியம், பொட்டாசியம், சீசியம் இழைகள் எத்தனால் முக்கால் பங்கைத் தாண்டிய செறிவுகளில் ஏ வடிவுக்கு மாறின. லித்தியம் இழைகளோ அவ்வாறு மாறவில்லை. லித்தியம் அயனி சிறியது. தன்னைச் சூழ்ந்த நீரை இறுகப் பிடித்துக்கொள்வது. உலர்த்தும்போது அந்த இழைகள் பி-க்கு நெருங்கிய சி வடிவத்தை அடைகின்றனவே தவிர, ஏ வடிவத்தை அடைவதில்லை.