காலி டாங்க்

நேயர்களுக்கு வணக்கம். கலிஃபோர்னியாவில் நான் பார்க்கும் வேலையைச் சொன்னால், "மண்ணு தோண்டவா அமெரிக்கா போனே?" என்று என் சித்தப்பா சிரிப்பார். தோண்டத்தான் போனேன். மூடிப்போன பெட்ரோல் பங்குகளில் பூமிக்கடியில் கிடக்கும் டாங்குகளை வெளியே எடுக்கும்போது, அவற்றின் அடியில் உள்ள மண்ணை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவது என் வேலை.

மூடிய பங்கில் பம்புகளைக் கழற்றியிருப்பார்கள், கூரையும் போயிருக்கும். சுவரோரம் இரண்டு மூன்று இரும்புக் குழாய்கள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். அவைதான் டாங்கின் மூச்சுக் குழாய்கள். விலை பேச வருகிறவருக்கு அது காலி மனை. எங்கள் கண் முதலில் அந்தக் குழாயைத்தான் தேடும். அதுவும் இல்லையென்றால் பழைய தீக்காப்பீட்டு வரைபடங்களைப் புரட்டுவோம். சான்போர்ன் வரைபடம் என்று பெயர். கட்டடம் கட்டடமாக அளந்து வரைந்தவர்கள், பெட்ரோல் டாங்க் இருந்த இடத்தில் வட்டம் போட்டு 'ஜி.டி.' (கேசோலின் டாங்க்) என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

1980களுக்கு முன்பு புதைத்தவற்றில் பெரும்பாலானவை வெறும் இரும்பு. துருப்பிடித்து ஒழுகத் தொடங்கின. 1984-ல் சட்டம் வந்தது, 1988-ல் விதிகள் வந்தன. பழைய டாங்கை 1998 டிசம்பர் 22-க்குள் சீர்செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும், இல்லையென்றால் மூடிவிட வேண்டும். கேட்பாரற்ற கசிவுகளைச் சுத்தம் செய்ய ஒரு நிதியும் உண்டு. பெட்ரோல் போடுகிற ஒவ்வொருவரும் கேலனுக்கு (ஏறக்குறைய 3.8 லிட்டர்) ஒரு சென்டில் பத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுக்கிறார்கள். இதெல்லாம் வீண் கெடுபிடி என்று நினைப்பவர்களுக்கு நான் சாண்டா மோனிகாவைச் சொல்வேன். பெட்ரோலில் கலந்த எம்.டி.பி.இ. என்ற ரசாயனம் நிலத்தடி நீரில் இறங்கியதால், 1996-ல் அந்த நகரம் கிணறுகளை மூடியது. குடிநீரில் ஏறக்குறைய பாதி போயிற்று.

சரி, டாங்க் எடுக்கும் நாளுக்கு வருவோம். மிச்சமிருக்கும் பெட்ரோலை லாரியில் உறிஞ்சிவிடுவார்கள். டாங்க் காலி. பயப்பட வேண்டிய நேரம் அப்போதுதான் ஆரம்பம். நிறைந்த டாங்கில் காற்றுக்கு இடமில்லை. காலி டாங்கில் ஆவியும் காற்றும் கலந்து நிற்கும். அந்தக் கலவையில் ஆவி ஏறக்குறைய 1.4 முதல் 7.6 சதவீதம் வரை இருந்தால் ஒரு பொறி போதும். அதனால் டிரை ஐஸை, அதாவது உறைய வைத்த கரியமில வாயுக் கட்டியை, உடைத்து உள்ளே போடுகிறோம். ஆயிரம் கேலன் கொள்ளளவுக்கு 15 பவுண்டு கணக்கு. அது கரியமில வாயுவாகி ஆக்சிஜனை வெளியே தள்ளும். மேலே, நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் வாயு அளக்கும் மீட்டரை விட்டுப் பார்த்து, தீயணைப்புத் துறை ஆள் தலையாட்டினால்தான் கிரேன் நகரும். காலி டாங்குக்கு இன்னொரு குணமும் உண்டு. நிலத்தடி நீர் ஏறினால் மேலே போட்ட கான்கிரீட்டைப் பெயர்த்துக்கொண்டு மிதந்து வந்துவிடும்.

டாங்கைத் தூக்கிக் கட்டையில் வைத்ததும், அடிவயிற்றில் ஒட்டிய களிமண்ணைச் சுரண்டுவார்கள். நான் குனிந்து முதலில் பார்ப்பது எண்ணெய் ஊற்றும் குழாய்க்கு நேர் கீழே. ஒருமுறை அங்கே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை இருந்தது. சுற்றிலும் இரும்பு நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் அங்கே மட்டும் ஏன்? நம் ஊர் பங்கில் டாங்குக்குள் கோலை விட்டு எண்ணெய் எவ்வளவு இருக்கிறது என்று டிப் பார்ப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே கோல்தான். தினமும் அதே குழாய் வழியாக இறங்கி, அதே இடத்தில் 'டொக்' என்று இடிக்கும். வருஷக்கணக்கில் இடித்தால் அந்த இடம் தேய்ந்து, துருவுக்கு வழிவிட்டுவிடும். ஒரு சொட்டும் குறையக் கூடாது என்று அளந்த கோல் போட்ட ஓட்டை அது! பின்னால் வந்த டாங்குகளில் அந்த இடத்துக்குக் கீழே தனியாக ஒரு தகடு வைத்தார்கள்.

டாங்கின் இரு முனைகளுக்கு அடியிலும், பம்பு நின்ற இடத்திலும், குழாய் ஓடிய தடத்திலும் மண் எடுப்போம். கெட்டுப்போன மண் சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில் இருக்கும். முகர்ந்து பார்க்கக் கூடாது என்பது விதி, ஆனால் மூக்கு நம்மைக் கேட்டுக்கொண்டா வேலை செய்கிறது? எடுத்த மண்ணைக் கண்ணாடிப் புட்டியில் காற்றுக்கு இடமில்லாமல் அடைத்து ஐஸ் பெட்டியில் வைப்பேன். இல்லாவிட்டால் பெட்ரோலில் உள்ள பென்சீன் என்ற நச்சு ரசாயனம் ஆவியாகிப் பறந்துவிடும். குடிநீரில் பென்சீன் நூறு கோடியில் 5 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது நாட்டுச் சட்டம். கலிஃபோர்னியாவில் 1 பங்குதான்.

டாங்கை லாரியில் ஏற்றி இரும்புக் கடைக்கு அனுப்பிவிடுவார்கள். பள்ளம் மட்டும் வேலிக்குள் திறந்து கிடக்கும். போன மாதம் ஒரு பாட்டி வேலியைப் பிடித்துக்கொண்டு, இங்கே என்ன வரப்போகிறது என்று கேட்டார். சோதனை முடிவு வந்தால்தான் தெரியும் என்றேன். இருபது வருஷமாகக் காலியாகக் கிடந்த இடம்தானே, இன்னும் எதற்குச் சோதனை என்றார் அவர்.